என் அண்ணனின் ஆங்கிலச் சாவு

இந்த ஊரில் பாடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. பப் எனப்படும் மதுக்கடையின் மாடியறையில் நாற்பது நாற்காலி போட்டிருப்பார்கள். நாற்பதிலும் நரைத்த தலைகள். ஒருவர் எழுந்து, கண்ணை மூடி, ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, எப்போதோ மூழ்கிப்போன கப்பலைப் பற்றிப் பாடுவார். யாரும் விசிலடிக்க மாட்டார்கள், இருமக்கூட மாட்டார்கள். நான் வடசென்னைக்காரன். எங்கள் பக்கம் சாவுக்குப் பாட வரும் கானாக்காரர், மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் பாடை கிளம்பும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார். செத்தவர் பெயர் என்ன, என்ன வயது, எப்படிப் போனார், யார் யாருக்கு என்ன முறை என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார். பாடும்போது வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பாடுவார். பிணம் பக்கத்திலேயே ஐஸ் பெட்டியில் கிடக்கும். இங்கே பிணம் இல்லாமலே பாடுகிறார்கள். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல இங்கே வந்து குளிரில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், அதனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் தனசேகர். பிறந்தது எண்ணூர் முகத்துவாரக்குப்பம். அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணன் தேசப்பனுக்குப் பதினேழு. அண்ணன் கடலுக்குப் போனான். எனக்குப் படகில் ஏறினாலே குடலைப் புரட்டும், அதனால் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரியில் ஏறினேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அந்த லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக அரை நாள் அசையாமல் நிற்கும். என் இளமையில் பாதி டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே அப்படி நின்றே கழிந்தது. ராயபுரத்து நர்ஸ் ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவளோடு ஒட்டிக்கொண்டு ஹல் என்ற இந்தத் துறைமுக ஊருக்கு வந்தேன். இதுவும் ஹம்பர் என்ற ஆற்றின் முகத்துவாரம்தான். இங்கேயும் தண்ணீர் சாம்பல் நிறம்தான். ஆனால் மீன்பிடித் தொழில் செத்து வெகு காலமாகிவிட்டது. மீன்காரர்களைப் பற்றிய பாட்டுகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

அந்தப் பாட்டுகளைப் பாடுகிற ஒரு பெண்மணிக்கு நான் வண்டி ஓட்டினேன். ஜூடித் என்று பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன். அவருக்கு ஒருமுறை வலிப்பு வந்ததில் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் வாரத்தில் மூன்று நாள் தன்னையும் கிட்டாரையும் ஊர் ஊராகக் கொண்டுபோக ஒரு ஆள் தேடினார். ஸ்டெல்லா வேலை செய்த வார்டில்தான் அவர் படுத்திருந்தார். என் கணவர் பெரிய லாரியே ஓட்டியவர் என்று அவள் சொல்லி வைத்தாள். தனசேகர் ஜூடித்தின் வாயில் டேன் ஆயிற்று.

ஜூடித் பதினான்கு வயதில் பாடத் தொடங்கியவர். இருபத்திரண்டில் ஒரு இசைத்தட்டு வந்து, பத்திரிகைகளில் எல்லாம் படம் போட்டார்களாம். அடுத்தது விற்கவில்லை. கம்பெனி கழற்றிவிட்டது. கிட்டார் வாசித்த கணவரும், சேர்ந்து எழுதிய பாட்டுகளில் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு முப்பது வருடம் மாடியறை, நூலகம், தேவாலயத்துப் பின்கட்டு. நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். ஒரு பெரிய திருவிழாவில் அவருக்குக் காலை பதினொரு மணிக்கு இடம் கொடுத்தார்கள்; எதிரே குழந்தைகளுக்கு முகத்தில் புலிக்கோடு வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து வேறொரு பாடகியின் பாட்டைப் பாடச் சொன்னார். ஜூடித் சிரித்தபடி அதையும் பாடினார். பிறகு வேனில் ஏறி, வீடு வரும்வரை கண்ணாடி வழியாக வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கிராமத்தில், கச்சேரி நடக்கும் மண்டபத்தைத் திறந்துவிட வந்தவர் அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, கழிவறை இந்தப் பக்கம் என்று காட்டினார். துப்புரவுக்காரப் பெண் என்று நினைத்துவிட்டார். ஜூடித் துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேடையேறினார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் ஊரில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று முறை தேதி கொடுத்தும் அண்ணன் கூட்டிப்போகவில்லை. ஒரு முறை குடித்திருந்தான், இரண்டு முறை மறந்துவிட்டான். ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் போனில் கத்தினேன். "நீ இருந்தும் ஒண்ணுதான், செத்தும் ஒண்ணுதான்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் ஜூடித்தை ஒரு ஊருக்கு அழைத்துப்போகும் வழியில், மதியம், மோட்டார்வே ஓரத்துக் காபிக் கடையில் நிறுத்தியிருந்தேன். அம்மா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "உங்கண்ணன் போய்ட்டான் நைனா. காசிமேட்லேர்ந்து போட்ல போனவன் திரும்பி வர்ல. விசாகப்பட்ணத்துல எறங்கிக்கினானாம். அங்க எவளோ கீறாளாம்" என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மேசையில் அறைந்தேன். காகிதக் கோப்பையில் இருந்த தேநீர் மேசையில் சிந்தியது. என்ன ஆயிற்று என்று ஜூடித் கேட்டார்.

என் ஆங்கிலம் அப்போது எப்படி என்றால், ஒவ்வொரு சொல்லாக எடுத்து மேசையில் வைப்பேன், அடுக்கத் தெரியாது. அண்ணன் போய்விட்டான், கடலுக்குப் போனான், திரும்பி வரவில்லை, அம்மா அழுகிறாள் என்று சொன்னேன். ஜூடித் என் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். நம்பிக்கை ஏதாவது இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். நம்பிக்கையே கிடையாது, அவன் அப்படித்தான் என்றேன். தேடினார்களா என்றார். போன் ஸ்விட்ச்டு ஆஃப் என்றேன். அவர் அழுதார். குடும்பச் சண்டைக்கு இந்த வெள்ளைக்காரம்மா இப்படி உருகுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வாயை அசைத்துப் பழகினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சிறிய ஊரின் நூலகத்தில், புதுப்பாட்டு என்று சொல்லி அதைப் பாடினார். நான் பின்னால் இசைத்தட்டு விற்கிற மேசையருகே நின்றேன். முதல் சரணம் முழுதும் கடல், விளக்கு, காத்திருக்கும் அம்மா. வழக்கமான பாட்டு என்று நினைத்தேன். இரண்டாம் சரணத்தில் 'டேசபான்' என்றார். யார் இந்த டேசபான் என்று யோசித்தேன். பிறகு பல்லவி வந்தது. கிழக்கே தூரத்தில் ஒரு கடல், அதன் அடியில் ஒரு போன் அணைந்து கிடக்கிறது, ஒரு தம்பி இன்னும் எண்களை அழுத்திக்கொண்டிருக்கிறான். டேசபான் என் அண்ணன்தான். பாட்டு முடிந்தது. ஜூடித் கையை நீட்டி என்னைக் காட்டினார். நாற்பது தலைகளும் திரும்பின. ஒரு கிழவி எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கோட்டில் அந்துருண்டை வாசம் அடித்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். மேடம், அவன் சாகவில்லை, விசாகப்பட்டினத்தில் ஒருத்தியோடு இருக்கிறான் என்பதற்கு என் ஆங்கிலமே போதும். ஏன் சொல்லவில்லை என்று ஸ்டெல்லா பிற்பாடு நூறு முறை கேட்டாள். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் ஜூடித்தைத் தவிர பிறத்தியார் ஒருவர்கூட என்னைத் தொட்டதில்லை. கடையில் மீதிச் சில்லறையைக்கூட மேசையில்தான் வைப்பார்கள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிறையும். அன்று ஒரு கிழவி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அது ஒன்று. இன்னொன்று அதைவிட மோசம். பாட்டைக் கேட்டபோது, உள்ளே எங்கேயோ எனக்கு இனித்தது. அம்மாவைக் கண் தெரியாமல் விட்டுவிட்டுப் போனவன் செத்துத்தான் தொலையட்டுமே என்று இருந்தது.

பாட்டு வளர்ந்தது. ரேடியோவில் போட்டார்கள். மாடியறைகள் போய் மண்டபங்கள் வந்தன. முப்பது வருடத்தில் அவருடைய சிறந்த பாட்டு என்று எழுதினார்கள். அந்த வருடத்தின் நல்ல பாட்டு என்று ஒரு பரிசும் கொடுத்தார்கள். அந்தப் பழைய திருவிழாவில் இப்போது மாலை நேரம், பெரிய மேடை, குழந்தைகளை ஓரமாகக் கூட்டிப்போய்விட்டார்கள். ஜூடித் நிமிர்ந்து நடந்தார். முடிக்குச் சாயம் போடுவதை விட்டுவிட்டார், வெள்ளை முடி மேடையில் எடுப்பாக இருந்தது. பாட்டுக்கு முன்னால் அந்தக் காபிக் கடைக் கதையைச் சொல்வார். 'போன் ஸ்விட்ச்டு ஆஃப்' என்பதை என்னைப் போலவே சொல்வார், என் உச்சரிப்பு, என் தலையாட்டல், எல்லாம் அப்படியே. கூட்டம் மூக்கை உறிஞ்சும். என் வாய் இன்னொருவர் முகத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு கையை நீட்டுவார். நான் தலை குனிவேன். எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்பது போகப் போகப் பழகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து அம்மா கூப்பிட்டு, வந்துட்டான் என்றாள். அண்ணன் தாடியோடு வந்து நின்றானாம். அந்தப் பெண் துரத்திவிட்டாளோ, இவனே வந்தானோ, அவன் சொல்லவில்லை. வந்த மறுவாரமே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரண்டு கண்ணையும் முடித்துவிட்டான். வீடியோவில் அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்து, "எளச்சிட்டியே நைனா" என்றாள். பின்னால் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான், அவ்வளவுதான்.

ஸ்டெல்லா அன்றைக்கே போய்ச் சொல் என்று தள்ளினாள். மறுநாள் காலை ஜூடித் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். என் அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்றேன். கத்தியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். உடல் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம், வீட்டில் இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கிய பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, இது இன்னும் யாருக்குத் தெரியும் என்பதுதான்.

கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மீண்டும் கத்தியை எடுத்து இரண்டு கிழங்கு சீவி முடித்தார். பிறகு சொன்னார்: "பாட்டு பொய்யில்லை, டேன். உன் முகத்தில் பார்த்ததைத்தான் எழுதினேன். அது அங்கே இருந்தது." கத்தியைக் கீழே வைத்தார். "எனக்கு ஐம்பத்தொன்பது வயது. இதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே" என்றார். கையில் துடைப்பத்தோடு நின்ற அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. சரி என்றேன். போகும்போது ஒரு பையில் கேக் போட்டுக் கொடுத்தார்.

பிறகுதான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. தென்சென்னையில் ஒரு அரங்கத்தில் கச்சேரி. கூடவே, அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், டேசபான் மூழ்கிய இடத்தில் அவர் பாடுவதைப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். தம்பியும் கூட இருக்க வேண்டும். ஜூடித் என்னைத் தனியே கூப்பிட்டு, உன்னால் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். என்ன ஏற்பாடு என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து முதல்முறையாக ஊருக்குப் போனேன், என் அண்ணனை மூன்று நாள் ஒளிந்திருக்கச் சொல்வதற்கு.

இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டேன். காலை நேரம், அண்ணன் வாசலில் குந்தியபடி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தாமலே கேட்டான்.

"நா எப்டி செத்தேன்?"

"கடல்ல. புயல்ல போட்டு கவுந்து."

"நா போன மாசத்துல ஏதுடா புயலு? அதுவும் போட்டு கவுந்தா நா செத்துடுவனா? எனுக்கு நீச்ச தெரியாதா?" அந்த ஒன்றில்தான் அவனுக்கு நிஜமாகக் கோபம் வந்தது.

பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னான். போனைக் காதில் வைத்து முழுவதும் கேட்டான். ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொல்லச் சொன்னான். சொன்னேன். இட்லியில் ஈ உட்கார்ந்தது, அவன் ஓட்டவில்லை. "நல்லாத்தான் கீது. ஒரு நாளும் என்ன யாரும் இப்டி நெனச்சதில்ல" என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எல்லாரும் உன்னக் கட்டிக்கினு அழுதாங்கன்றியே. நீ அழுதியா?"

"தலைய குனிஞ்சி நின்னேன்."

அவன் பொட்டலத்தைச் சுருட்டித் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனான். உள்ளே அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். படம் எடுப்பவர்கள் அம்மாவையும் கேட்பார்கள் என்று அவளிடம் சொன்னேன். பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றேன். அவள் எழுந்து, என் பையைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ராயபுரத்தில் மாமியார் வீட்டில் தங்கினேன்.

படம் பிடிக்கிற நாளன்று வேனில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே வந்தேன். டோல்கேட் தாண்டியதும் தென்சென்னை டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். புகைபோக்கிகளைப் பார்த்துக் கேமராக்காரர் சின்னப் பையனைப் போலச் சந்தோஷப்பட்டார். கடலில் போட ஒரு மாலை வேண்டும் என்று ஜூடித் சொன்னார். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினேன். பூக்கடைக்காரம்மா மாலையை எடுக்கும் முன் கேட்டாள், "சாமிக்கா, சாவுக்கா?"

ஒரு வருடமாக என் அண்ணன் செத்துவிட்டான் என்று நான் என் வாயால் சொன்னதே இல்லை. ஆங்கிலத்தில் அதைப் பாட்டுதான் சொன்னது, நான் குனிந்து நின்றேன். அவ்வளவுதான் என்று என்னையே நான் ஏமாற்றி வைத்திருந்தேன். தமிழில் அப்படித் தப்பிக்க வழி கிடையாது. "சாவுக்கு" என்றேன். "வயசான சாவா?" என்று கேட்டாள். இல்லை, நாற்பத்தைந்து என்றேன். அடப் பாவமே என்று ரோஜா இதழைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக் கட்டிக்கொடுத்தாள்.

குப்பத்தில் எங்களுக்காக ஒரு ஃபைபர் படகு காத்திருந்தது. கச்சேரி ஏற்பாட்டாளர் போனில் பேசிப் பிடித்தது. என்ஜினைப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான் என் அண்ணன். நான் அருகே போனதும் தாழ்ந்த குரலில் சொன்னான்: "என் சாவுக்கு நா இல்லாம எப்டி?"

ஆறு கடலில் சேரும் இடம்வரை ஓட்டினான். எனக்குக் குமட்டியது. ஜூடித் வெள்ளைச் சல்வாரில் முன்பக்கம் நின்றார். கேமரா ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். டேசபான், டேசபான் என்று அந்தப் பெயர் தண்ணீர் மேல் போயிற்று. அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டு, தாடையில் கை வைத்து, கரையில் நின்று நாடகம் பார்ப்பவனைப் போல் கேட்டான். மாலை தண்ணீரில் விழுந்தது. பல்லவி முடிந்ததும் ஜூடித் கண்ணைத் திறந்தார், எதிரே இவன் முகம். நன்றி சொல்லிவிட்டு, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். அதற்கு வேண்டிய ஆங்கிலம் அவனுக்குத் தெரியும்.

"தேசப்பன்" என்றான்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் ஒரு வருடமாகக் கேட்டுவந்த பெயர் வேறு. ஜூடித்துக்குப் புரிந்தது. காபிக் கடையில் நான் சொன்னது அவர் காதில் இன்னும் இருந்தது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்தார். இப்போது நிறுத்திவிடுவார், கேமராவை அணைக்கச் சொல்வார், மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேமராக்காரரிடம் திரும்பி, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை பாடிவிடுகிறேன் என்றார். அண்ணனே துடுப்பை நீட்டி, மிதந்த மாலையை இழுத்துத் தண்ணீர் உதறிக் கொடுத்தான். இரண்டாம் முறை அவர் கண்ணை மூடவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தபடியே முழுப் பாட்டையும் பாடி, மாலையை மறுபடி போட்டார். படத்தில் இருப்பது இந்த இரண்டாவதுதான். அத்தனை உணர்ச்சியோடு அவர் என்றும் பாடியதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. யாருக்குடா மாலை என்று கேட்டார்கள். எனுக்குத்தான் என்று அண்ணன் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் சிரிக்கவில்லை. முகத்துவாரத்தில் பேர் சொல்லி இரண்டு முறை மாலை போட்டாயிற்று, இனி இவனை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனால் கூட இருப்பவனுக்கு ஆகாது என்றார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அண்ணனை எந்தப் படகும் கூப்பிடவில்லை. காசிமேட்டிலும் போய்ப் பார்த்தான், பேச்சு அங்கேயும் முன்னாடியே போய்விட்டிருந்தது. இருபத்தெட்டு வருடம் கடலுக்குப் போனவன் இப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் காவலாளி. நீலச் சட்டை, விசில். டிரெய்லர்களின் நம்பரை எழுதிக்கொண்டு நிற்கிறான்.

கிளம்பும் முன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. புதிய கண்ணால் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். அம்மாவுக்கு அதிகம் பேசத் தெரியாது.

"ரெண்டு பெத்தேன். ஒண்ணு செத்துச்சுன்னு ஊரு ஊரா சொல்லிக்கினு வந்த. எனுக்கும் ஒண்ணு செத்துச்சு. எதுன்னு உனுக்குத் தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை. ஹல்லுக்குத் திரும்பியதும் ஜூடித் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு மேனேஜர் எழுதினார்: இப்போது பெரிய பயணங்கள், வண்டியும் ஆளும் வேறு ஏற்பாடு, இதுவரை செய்த உதவிக்கு நன்றி. அவ்வளவுதான். கடைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறேன். ஆவணப்படம் வந்தது. அண்ணன் அதில் நான்கு நொடி வருகிறான். உள்ளூர் மீனவர் ஒருவர் என்று குரல் சொல்கிறது. ஜூடித் இப்போது லண்டனில் ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்கில் பாடுகிறார். டிக்கெட் கிடைப்பதில்லை என்று கேள்வி. அவர் கெட்டவர் என்று என்னால் இன்னும் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. துடுப்பால் மாலையை இழுத்த படகில் நானும்தான் இருந்தேன், வாயைத் திறக்காமல்.

போன கோடையில் அந்தப் பாட்டின் ரசிகர்கள் சேர்ந்து, ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சு போட்டார்கள். இந்த நாட்டில் செத்தவர்கள் ஞாபகமாகப் பெஞ்சு போடுவது வழக்கம், சாய்மானத்தில் சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். திறந்துவைக்கத் தம்பி வர வேண்டும் என்று கேட்டார்கள். போகாதே என்று ஸ்டெல்லா சொன்னாள். போனேன். துணியை விலக்கினேன். 'டேசபான், இந்தியா. கடல் அவரை வைத்துக்கொண்டது' என்று இருந்தது. இருபது பேர் மௌனமாக நின்றார்கள். எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வேலை முடிந்து போகிற வழியில்தான் அந்தப் பெஞ்சு இருக்கிறது. உட்கார்ந்து ஊருக்குப் போன் பேச வேறு இடம் இல்லை, அதனால் அங்கேதான் உட்காருவேன். தகடு தெரியாதபடி முதுகைச் சாய்த்துக்கொண்டு அம்மாவுக்குப் போடுவேன். முழுவதும் அடித்து ஓயும். பிறகு அண்ணனுக்குப் போடுவேன். அவன் எடுப்பான். பின்னால் டிரெய்லர் ஹாரன்கள் கேட்கும், அந்தச் சத்தத்தை வைத்தே எந்த வண்டி பின்னுக்கு வருகிறது என்று என்னால் சொல்ல முடியும். அம்மா சாப்ட்டாளா என்று கேட்பேன், சாப்ட்டா என்பான். நான் விசாரித்ததாகச் சொல் என்பேன், பார்க்கலாம் என்பான். நேற்று, நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு தொப்பியைக் கழற்றினார். ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றுவிட்டு, ஓசைப்படாமல் விலகிப் போனார்.

"இன்னாடா பேச்சே காணோம், எங்க கீற?" என்றான் அண்ணன்.

"இங்கதான், ஆத்தங்கரையில. குந்திக்கினு கீறேன்" என்றேன்.

"குளுரும். வூட்டுக்குப் போ" என்றான்.